உங்களுக்குத் தெரியுமா? தேன்சிட்டு வர ஒட்டடையும் வேண்டும்!

தேன்சிட்டின் தொங்கு கூட்டைப் பிரியாமல் பிடித்து வைப்பது சிலந்தி நூல்! தோட்டத்து மூலையில் கொஞ்சம் ஒட்டடையை விட்டு வையுங்கள்.

• கூடு கட்டுவது பெண் சிட்டு. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாம் அதில் உண்டு. பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை மாதிரியே இருக்கும். வாசலுக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு கூரை நீட்டியிருக்கும். கொடிக்கயிறு, வாசல் விளக்கு என்று வீட்டை ஒட்டியே தொங்கும். பெருக்கித் தள்ளும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

• கடலூர், சிதம்பரம் தோட்டங்களில் செம்பருத்தி முன் சிறகடித்து நிற்பது ஹம்மிங்பேர்டு அல்ல. அது இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. (ஜெர்மனியில் அதன் சுமார் 3 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் கிடைத்தது வேறு கதை.) நம்மூரில் ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு போன்றவைதான்.

• செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை, வாழை இருந்தால் தேடி வரும். நீளக் குழல் பூ என்றால் அடியில் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிடும். மகரந்தம் சுமக்காத சுத்தத் திருட்டு!

• குஞ்சுகளுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் முக்கியத் தீனி. பூச்சிமருந்து அடித்தால் பந்தி காலி.

• ஸ்கூட்டர் கண்ணாடியை ஒரு சிட்டு விடாமல் கொத்துகிறதா? பிம்பத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள்.