மண் வனையக் கற்க எங்கே போவது?

பள்ளி அளவிலான கலைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் செய்து வைத்திருந்த களிமண் யானையின் கால்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. தண்ணீர் தொட்டு ஒட்டினான். மறுநாள் காலை மீண்டும் விழுந்து கிடந்தன. "டீச்சர், ஃபெவிகால் போடலாமா?" என்று கேட்டான். நான் அறிவியல் ஆசிரியை. பி.எட். படிப்பில் கற்பித்தல் துணைக்கருவிகள் என்று ஒரு தாளே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கால் ஏன் நிற்கவில்லை என்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த மே மாத விடுமுறையில் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போனபோது, மண்பாண்ட வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். இரண்டு மணி நேரம், 1,800 ரூபாய். குளிரூட்டிய அறை, மின்சாரத்தில் சுழலும் சக்கரம், மேல்சட்டை அழுக்காகாமல் இருக்க முன்கவசம். மண் தயாராகப் பிசைந்து உருண்டையாக இருந்தது. நான் கை வைத்ததும் மண் ஒரு பக்கம் ஓடியது; சொல்லிக்கொடுத்த பெண் என் கைமேல் கை வைத்துக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். படம் எடுத்துக்கொண்டோம். நான்கு வாரம் கழித்துக் கூரியரில் நீல நிறப் பளபளப்போடு ஒரு கிண்ணம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது நான் செய்ததில்லை என்பது எனக்குத் தெரியும். என்ன மண், எத்தனை டிகிரியில் சுட்டார்கள், யானையின் கால் ஏன் விழும், எதுவும் தெரியாமலே திரும்பினேன்.

குறை அவர்களுடையது அல்ல. அவர்கள் ஓர் இனிய மாலைப்பொழுதை விற்கிறார்கள்; நான் ஒரு பாடத்தை வாங்கப் போயிருந்தேன். சேரும் முன் நான் கேட்டது "கட்டணம் எவ்வளவு, எப்போது வரலாம்" என்ற இரண்டு கேள்விகளை மட்டும்தான். நம்மில் பலர் இப்போது மண் வேலை கற்க விரும்புகிறோம். எனவே என்ன கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, சூளையைப் பற்றியது. "நீங்களே சுடுகிறீர்களா, சுடும்போது நான் பார்க்கலாமா?" மண் வேலையில் பாதிக் கல்வி சூளையில்தான் இருக்கிறது. காய்ந்த பானையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். அது இயற்பியல் மாற்றம். சூளையில் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியசுக்குள், களிமண் துகளின் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது களிமண் ஆகாது. அது வேதியியல் மாற்றம். பால் தயிராவதையும் இரும்பு துருப்பிடிப்பதையும் சொல்லி நாம் நடத்தும் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்ச் சூளைகளில் வெப்பம் பொதுவாக 700 முதல் 900 டிகிரி வரை போகும். நகரத்துக் கூடங்களில் 'ஸ்டோன்வேர்' என்று சொல்வது 1,200 டிகிரிக்கு மேல் சுடுவது. அதற்கு மண்ணும் வேறு, உலையும் வேறு. அங்கே கற்ற மெருகுப் பூச்சுகளை நம் பள்ளியில் செய்து பார்க்க முடியாது. ஆகவே, "இங்கே கற்பதில் எதை மின் உலை இல்லாத இடத்தில் செய்யலாம்?" என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சக்கரமா கையா? எல்லோருக்கும் சக்கரத்தின்மேல்தான் ஆசை. மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கே பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். வகுப்பறைக்குப் பயன்படுவது கைவேலை: உருண்டையில் கட்டைவிரலை அழுத்திக் கிண்ணமாக்குவது, மண்ணைக் கயிறாக உருட்டிச் சுற்றி அடுக்குவது, பலகையாகத் தட்டி ஒட்டுவது. இவற்றைச் சொல்லித்தராமல் நேரே சக்கரத்தில் உட்காரவைக்கும் இடம் ஆசிரியருக்கு உதவாது.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: தரையை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? காய்ந்த களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்கா உண்டு; பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். நல்ல கூடத்தில் விளக்குமாற்றால் பெருக்கமாட்டார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள். நம் வகுப்பறையிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். உணவுப் பாத்திரம் செய்வதானால் பூச்சில் ஈயம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

இனி, எங்கே போவது? சென்னையில் கற்க விரும்புவோர் முதலில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவைப் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போகவும் ஏற்ற இடம். எழும்பூருக்கு அருகிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. சுடுமண் கலை அங்கே தனிப் பாடமாகவே இருக்கிறது. கொசப்பேட்டையில் வகுப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முன் ஒரு காலை நேரம் அந்தத் தெருக்களில் நடந்தால் நிறையக் கற்கலாம்.

கடலூர் மாவட்டத்தில் இருக்கும் நமக்கு உண்மையில் சென்னை தேவையா என்பதுதான் கேள்வி. கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்தியாவின் இன்றைய சுடுமண் கலைஞர்கள் பலர் உருவான இடம். அங்கே பயின்றவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் பயின்றார்கள். இரண்டு மணி நேரத்தில் கிண்ணம் கிடைக்கும் இடமல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமே இருக்கிறது. சுற்றிலும் அச்சில் வார்த்துப் பொம்மை செய்யும் தொழிற்கூடங்கள் உள்ளன. வார்ப்பு முறையைப் பார்க்க அதுவே சரியான இடம். கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் உண்டு. வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒன்று: புதுச்சேரிக்குப் போகும் வழியில் அரிக்கமேடு இருக்கிறது. மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்தபோது ரோமானிய மட்பாண்ட ஓடுகளைக் கொண்டுதான் அந்த இடத்தின் காலத்தைக் கணித்தார். ஓர் உடைந்த ஓடு நாள்காட்டியாகும் கதையைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்.

சிதம்பரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அறுபத்துமூவரில் ஒருவரான திருநீலகண்டர் தில்லையில் வாழ்ந்த குயவர். அடியார்களுக்கு ஓடு வனைந்து கொடுத்தவர். அவர் கதையை நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை சொல்லி முடித்தபோது எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி, இடைவேளையில் என்னிடம் வந்து மெதுவாக, "எங்க தாத்தாவும் பானைதான் செய்வாங்க டீச்சர்" என்றாள். பள்ளிப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று இருந்தது. மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று அவளேதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்த மூன்றாவது மாதம் இது நடந்தது.

சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமம் அது. பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். முதல் நாள் அவர் எனக்கு ஒன்றும் "கற்பிக்க"வில்லை. வேலை செய்துகொண்டே இருந்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பரம்பரைக் கலைஞரிடம் கற்கப் போகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். நம்மைப் போல் நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு என்று அவர் பிரித்துச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஒரே வரியில் பதில் வரும். யானைக் காலைப் பற்றிக் கேட்டேன். "ஒடம்பு ஈரம், காலு காஞ்சது. ரெண்டும் எப்படிம்மா ஒட்டும்?" என்றார்.

அவ்வளவுதான். களிமண் காயும்போது சுருங்கும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை கூடச் சுருங்கும். ஒரு பகுதி முன்பே சுருங்கிவிட்டு மற்றது பிறகு சுருங்கினால் இணைப்பு விட்டுப்போகும். இரண்டையும் ஒரே பதத்தில் வைத்து, ஒட்டும் முகங்களை முள்ளால் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். பிறகு ஈரத்துணி மூடி நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். மண்ணோடு மணல் கலப்பது ஏன் என்பதற்கும் இதுவே விடை: மணல் சுருங்காது, ஈரம் வெளியேற வழியும் விடும்.

பிறகு தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசி, பெரியவரை இரண்டு நாள் பள்ளிக்கு அழைத்தோம். அவர் ஒரு நாளில் வனைந்து விற்கும் அளவுக்குக் கணக்குப் பார்த்து ஊதியம் கொடுத்தோம். சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. நகரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு நாம் தயங்காமல் கொடுக்கிறோமே. சக்கரத்தை அவர் சுற்றிக் காட்டினார். பிள்ளைகள் செய்தது முழுக்கக் கைவேலை. பேத்தி அவருக்கு மண் எடுத்துக் கொடுத்தாள். மண் பிசையும் பதத்தை மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தவளும் அவள்தான். அன்று வகுப்பில் அவள் குரலை நான் முதன்முறையாகச் சத்தமாகக் கேட்டேன்.

பள்ளியில் சுட முயலவில்லை, நீங்களும் முயலாதீர்கள். 36 கிண்ணங்களையும் பத்து நாள் காயவைத்து, பெரியவர் தம் சூளையில் பானைகளுக்கு மேலடுக்கில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். 31 முழுதாக வந்தன. மற்ற ஐந்தில் மூன்று, அடி தடித்தவை. உள்ளே வெடித்துச் சிதறியிருந்தன. காற்றுக் குமிழிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் தங்கிவிட்ட ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. தடித்த மண்ணுக்குள் அது வேகமாக நடந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? கிண்ணம் உடைந்த பிள்ளைகளில் ஒருவன் அழுதான். அந்தச் சில்லுகளை வைத்துத்தான் மறுநாள் பாடம் நடத்தினேன்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் காயாது, சூளை எரியாது; அதற்கிடையில் கார்த்திகை அகல், பிறகு பொங்கல் பானை என்று அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. பொங்கல் முடிந்து மாசி, பங்குனியில் போனால் பேச நேரம் இருக்கும். மண்ணும் இப்போது சிக்கல்தான்: முன்பு ஏரியில் வண்டல் மண் எடுக்க அலைய வேண்டியிருந்தது, 2024இல் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று அரசு எளிமையாக்கியது. அந்தப் பெரியவருக்கு இது தெரியாது. விண்ணப்பத்தை எங்கள் பள்ளியில் உட்கார்ந்து பேத்திதான் எழுதினாள்.

யானைக்காரன் இந்த ஆண்டும் யானைதான் செய்கிறான். பெரியவர் சொன்னபடி கால்களை மடக்கிப் படுக்கவைத்து, வயிற்றைக் குடைந்து உள்ளே வெற்றிடம் விட்டிருக்கிறான். ஈரத்துணிக்கு அடியில், அலமாரியின் கீழ்த்தட்டில், இன்று ஆறாவது நாளாகக் காய்கிறது.