பந்துக்குக் காது கிடையாது

கோலாலம்பூர் ஹங் ஜெபாட் சாலையில் உள்ள மாபா அரங்கம் அளவில் சிறியது. ஆனால், கூட்டம் நிறைந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனப் பெயரைத் தாங்கிய மலேசியா டிராகன்ஸ் அணிக்கு அதுதான் சொந்த மண்ணாக இருந்தது. 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என வீழ்த்தி ஆசியான் கூடைப்பந்து லீக் பட்டத்தை வென்றது அந்த அணி.

எந்த ஊர் அரங்கானாலும் ரசிகர்கள் காத்திருக்கும் ஒரு தருணம் உண்டு: எதிரணிக்காரர் ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நிற்கும் தருணம். பந்து கைக்கு வந்ததும் அவருக்கு 5 விநாடி அவகாசம். மறிக்க யாரும் கிடையாது. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி நின்று, 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் 45 சென்டிமீட்டர் வளையத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வளையத்துக்குப் பின்னால் இருப்பது கண்ணாடிப் பலகை. அதன் வழியே நூற்றுக்கணக்கான கைகள் ஆடுவது தெரியும். கூச்சல், சீழ்க்கை, காற்றடைத்த பிளாஸ்டிக் குழல்களின் தடதடப்பு என எல்லாம் அந்த 5 விநாடிக்குள் வந்து விழும்.

எறிபவரின் எதிரணி ஆட்டக்காரர்கள் இப்படிக் கவனத்தைக் கலைத்தால் விதிமீறல். எறி தவறினால் மறுபடி போட வாய்ப்பு உண்டு. ரசிகருக்கு அந்த விதி பொருந்தாது.

கத்தினால் தவறுமா?

இதற்கு அமெரிக்கர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். டோபியாஸ் மோஸ்கோவிட்ஸ், ஜான் வெர்ட்ஹைம் இருவரும் 2011-இல் வெளியிட்ட நூலில், என்.பி.ஏ. ஆட்டங்களில் சொந்த அரங்கில் ஆடுபவர்களும் வெளியூர் அரங்கில் ஆடுபவர்களும் ஃப்ரீ த்ரோவில் பெற்ற வெற்றி ஒரே அளவு என்று காட்டினார்கள்: 75.9 விழுக்காடு. அத்தனை ஆயிரம் தொண்டைகள் கத்தியதற்குப் பலன் ஏறக்குறைய பூஜ்யம்.

காரணம் கண்ணில் இருக்கிறது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்ந்த ஆட்டக்காரர்கள் எறிவதற்கு முன் வளையத்தின் மேல் பார்வையை அசையாமல் நிறுத்துகிறார்கள். தடுமாறுபவர்கள் அத்தனை நேரம் நிறுத்துவதில்லை. நின்ற பார்வைக்குப் பின்னால் என்ன ஆடினாலும் அது வெறும் மங்கல். தினமும் கேட்கும் கூச்சலும் அப்படித்தான் பழகிப்போகிறது.

ஆகவே பழகாத ஒன்றைக் கொடுக்க வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். வளையத்துக்குப் பின்னால் ஒரு திரை. எறியும் நொடியில் அது விலகும். உள்ளிருந்து என்ன கோமாளித்தனம் வெளிவரும் என்று யாருக்கும் தெரியாது. 2016 ஜனவரியில் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் நீச்சல் உடையும் கழுத்து நிறையப் பதக்கங்களுமாக நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ்! எறிந்தவர் இரண்டையும் கோட்டை விட்டார்.

2021-இல் இன்னொரு உத்தி. மில்வாக்கி அணியின் யானிஸ் அன்டெடொகும்போ எறிவதற்கு நிறைய நேரம் எடுப்பார். என்.பி.ஏ.வில் அதற்கு 10 விநாடிதான். வெளியூர் ரசிகர்கள் ஒரே குரலில் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினார்கள். கவனம் வளையத்தை விட்டுக் கடிகாரத்துக்குப் போனது, மனிதர் தடுமாறினார். ஆனால் சொந்த ஊரில் நடந்த இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 19-இல் 17-ஐப் போட்டு, 50 புள்ளிகளுடன் பட்டத்தையும் வென்றார்.

எல்லை தாண்டினால்

கூடைப்பந்து, 1891-இல் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கூடமொன்றில் பிறந்த உள்ளரங்கு ஆட்டம். ஒரே கூரைக்குள் ஆடுபவரும் பார்ப்பவரும் அடைபட்டிருக்கும் ஆட்டங்களில் பூப்பந்தும் ஒன்று. கூட்டத்தின் வேலை எங்கே முடிய வேண்டும் என்பதற்கு மலேசியர்கள் மறக்காத உதாரணம் அதில்தான் இருக்கிறது.

1967 தாமஸ் கிண்ண இறுதிப் போட்டி ஜகார்த்தாவில் நடந்தது. நடப்பு வெற்றியாளர் இந்தோனேசியாவுக்கு எதிராக மலேசியா 4-3 என முன்னணியில் இருந்தது. எட்டாவது ஆட்டத்தில் நம் இங் பூன் பீ, டான் யீ கான் இணையை எதிர்த்து முல்யாடி, அகுஸ் சுசாந்தோ இணை மீண்டு வந்துகொண்டிருந்தது. மலேசியர்கள் பந்தடிக்கும்போதெல்லாம் கூச்சலும் கேமரா வெளிச்சமும் பாய்ந்தன. நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மீதியை நியூசிலாந்தில் ஆடலாம் என்றது அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனம். இந்தோனேசியா மறுத்தது. 6-3 என்ற கணக்கில் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது.

ஜகார்த்தா ரசிகர்கள் கைதட்டலோடு நின்றிருந்தால், மீண்டுகொண்டிருந்த தங்கள் இணை அந்த ஆட்டத்தை வென்று 4-4 ஆக்கியிருக்கவும் கூடும். அந்த வாய்ப்பைப் பறித்தது மலேசிய அணியல்ல, அவர்களேதான்.