சொல்பவருக்கும் மருந்து

சித்திரைத் திருவிழாவுக்காக வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதும், கம்பம் பள்ளத்தாக்கில் பல பேர் குடியை நிறுத்திவிடுவார்கள். தீச்சட்டி எடுப்பவர், ஆயிரங்கண் பானை சுமப்பவர், முல்லைப் பெரியாற்றில் முங்கி எழுந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என எல்லோரும் விரதத்தில் இருப்பார்கள். "ஆத்தாளுக்கு நேந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால் எந்தக் கூட்டாளியும் வற்புறுத்த மாட்டான். திருவிழா முடிந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. கொஞ்ச நாளில் பலர் பழையபடி கடை வாசலில் நிற்கிறார்கள்.

'மனசு வைத்தால் விடலாம்' என்று ஊர் சொல்லும். மனசு வைத்துத்தானே அத்தனை நாளும் இருந்தார்கள்? நெடுநாள் குடித்தவரின் மூளை, மதுவோடு சேர்ந்து வரும் அடையாளங்களையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. கூலி வாங்கும் சனிக்கிழமை, சாயங்கால நேரம், கூடவே போகும் நண்பனின் குரல் என ஏதாவது ஒன்று தட்டுப்பட்டாலே டோபமைன் சுற்றுகள் விழித்துக்கொண்டு ஆசையைக் கிளப்பும். குடிக்காமல் மாதக்கணக்கில் இருந்தாலும் இந்த நினைவு எளிதில் அழியாது. அதனால்தான் விரதம்போலக் கெடு வைக்காத ஒரு துணை தேவைப்படுகிறது.

அப்படி ஒரு துணை உருவான கதை விசித்திரமானது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கெட்டுப்போயிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தான் தப்பிக்க முடியும் என்று அவருக்குப் பட்டது. வரிசையாகப் பலருக்கு போன் செய்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டும் என்று உட்கார்ந்த ஸ்மித், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். குடியால் வரும் கேடு மருத்துவருக்குத் தெரியாததல்ல. ஆனால், அதே குழியில் கிடந்து எழுந்த ஒருவர் தன் கதையைச் சொல்லி அவர் கேட்டது அன்றுதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அந்தச் சந்திப்பில் முளைத்தது. 1957-இல் அது இந்தியாவுக்கும் வந்தது.

பில் அன்று போன் செய்தது தனக்காக. இதற்குள் இருக்கும் உண்மையைப் பிற்கால ஆய்வொன்று எண்ணிக் காட்டியது. 'புராஜெக்ட் மேட்ச்' என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் தரவுகளை 2004-இல் மரியா பகானோ குழுவினர் அலசினார்கள். சிகிச்சைக் காலத்தில் பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதம் பேர் அடுத்த ஓராண்டு குடிக்கவில்லை. உதவாதவர்களில் 22 சதவீதம் பேர்தான் அப்படி இருந்தார்கள். உதவியதால்தான் தேறினார்கள் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கவனிக்கவேண்டிய வித்தியாசம். ஏ.ஏ. எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்று பார்த்த, 2020-இல் வெளியான காக்ரேன் மருத்துவ மதிப்பாய்வு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஏ.ஏ.வில் சேர முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள். பிற சிகிச்சை பெற்றவர்களில் அது 35 சதவீதம்.

ஏ.ஏ. கூட்டத்தில் அப்படி என்ன நடக்கிறது? சாதாரண அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார். மனைவியின் தாலியை அடகு வைத்ததையும் சொல்வார், கை நடுங்காமல் காபி குடித்த முதல் காலையையும் சொல்வார். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. இதற்கு 'ஷேரிங்' என்று பெயர். ஆசை கிளம்பும்போது நடுராத்திரியிலும் கூப்பிட, 'ஸ்பான்சர்' என்ற மூத்த உறுப்பினர் ஒருவர் உண்டு. கட்டணம் கிடையாது, கேட்டது வெளியே போகாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி.

தமிழ்நாட்டில் குடியை நோயாகப் பார்க்கப் பழக்கியதில் சாந்தி ரங்கநாதனுக்குப் பெரிய பங்குண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய், ஊராரின் ஒத்தாசையோடு சிகிச்சை முகாம்களும் நடத்தியது அந்த அமைப்பு.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கிய பிதற்றல்கூட வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம். வீரபாண்டிக்காரர்கள் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 14446 என்ற போதை மீட்பு எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று மனநல மருத்துவரிடமோ ஏ.ஏ. இந்திய அமைப்பின் இணையதளத்திலோ விசாரிக்கலாம். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. குடும்பத்தாருக்கென்று தனியே அல்-அனான் இருக்கிறது. முதல் கூட்டம் ஒட்டவில்லையென்றால் வேறு குழுவுக்குப் போய்ப் பார்க்கலாம்.

புதிதாக வருபவருக்குக் கூச்சம் இருக்கும்: நம்மால் அடுத்தவருக்கு எதற்குத் தொந்தரவு என்று. ஆனால், பத்து வருடமாகக் குடிக்காமல் இருப்பவரும் அந்த அறைக்கு வருவது, தன் கதையை இன்னொருவரிடம் சொல்வதற்காகத்தான். கேட்க ஒருவர் வந்தால்தான் அவருக்கும் மருந்து கிடைக்கும்.