இளைஞர் மன்றம் வேறு, இளையோர் அவை வேறு

நம் தங்கவயலில் இளைஞர் மன்றங்களுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. கால்பந்தாட்டத்துக்கு ஒன்று, பொங்கல் விழாவுக்கு ஒன்று, அபிமான நடிகருக்கு ஒன்று என லைனுக்கு லைன் பெயர்ப்பலகை தொங்கும். ஆனால் இளைஞர்களின் குறையை ஆட்சியாளர் முன் வைத்து, அதற்குப் பதிலும் வாங்கித் தரும் அவை ஒன்று நமக்கு உண்டா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான்கு பையன்கள் வந்து, "ஐயா, கொஞ்சம் இடம் குடுங்க, ஒரு மனு எழுதிக்கிறோம்" என்றார்கள். விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறவர்கள். ரயிலடியிலிருந்து வீடு வரும் பாதையில் விளக்கு எரியவில்லை என்பதுதான் குறை. கன்னடத்தில் அழகாகவே எழுதினார்கள். "இது மூணாவது மனுங்க. முடியாதுன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை. பதிலே வரலையே" என்றான் ஒருவன். அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

இளைஞர்களை அவைக்கு வெளியே நிறுத்துவது புதிய வழக்கமல்ல. குடவோலை முறைக்குப் பெயர்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. கி.பி. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரிய உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள் இருக்கவேண்டும் என்கிறது. இரண்டே ஆண்டில், 921இல், அது 35க்கு மேல் 70க்குள் என்று ஏறிவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பெரியவர்கள் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டார்கள்!

நமது அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தத்தால் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. இது 1989 மார்ச் 28இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நகரசபைக்குப் போட்டியிட 21 வயதும், சட்டமன்றத்துக்கு 25 வயதும் வேண்டும். ஆகவே 18 வயதுப் பிள்ளை ஓட்டுப் போடலாம். உறுப்பினராக உட்கார முடியாது.

நம்மூரில் இந்தக் குறையை ஒரு காலத்தில் தொழிற்சங்கம் ஓரளவு நிரப்பியது. சுரங்கத்தில் இறங்கிய இளைஞன் சங்கத்திலும் சேர்ந்தான். கூட்டத்தில் எழுந்து பேசக் கற்றான். நிர்வாகமும் சங்கத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 28.2.2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. போனது வேலை மட்டும் என்று நினைத்தோம். இளைஞன் பேசப் பழகிய இடமும் அதோடு போயிற்று என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மூடிய பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள்.

சட்டம் இவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறதா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கச் சொல்கிறது. ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் அது கட்டாயம். 2011 கணக்கெடுப்பில் நம் நகரசபைப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 1.6 லட்சமே. 35 வார்டு இருந்தும் அந்தக் கட்டாயம் நமக்குப் பொருந்தாது. கிராமத்துக்கோ கிராம சபை இருக்கிறது. கர்நாடகத்தில் சிறுவர் குறைகளைக் கேட்க மக்கள கிராம சபை, அதாவது குழந்தைகளின் கிராம சபையும் உண்டு. பக்கத்துக் கிராமத்துச் சிறுமி பஞ்சாயத்தைக் கேள்வி கேட்கலாம். நம் தெருப் பையனுக்கு அந்த மேடை இல்லை.

வெளிநாடுகளில் எப்படி? பின்லாந்தில் 2015ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் இளையோர் அவையோ அதற்கு ஈடான குழுவோ அமைத்தாக வேண்டும். 2023இல் அங்கே மருத்துவம், சமூக நலப் பொறுப்புகள் நகராட்சியிடமிருந்து வட்டார நிர்வாகங்களுக்கு மாறின. அந்த வட்டாரங்களிலும் இளையோர் அவை சட்டப்படி கட்டாயம். அதிகாரம் எங்கே போகிறதோ, இளையோர் அவையும் கூடவே போகிறது. ஒன்றை மறக்கக்கூடாது: அந்த அவை திட்டங்களில் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்கும் ஓட்டு அதனிடம் இல்லை.

இலங்கை வேறு பாதையில் போனது. 1987–89 கிளர்ச்சிக்குப் பின், இளைஞர் கொந்தளிப்பை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் 40 சதவீதம் இளைஞர் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. 2012இல் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 2025 மே மாதத் தேர்தலில் 25 சதவீதம் என மீண்டும் கட்டாயமாயிற்று. ஆனால் பட்டியலில் பெயர் வருவது வேறு, வெற்றி பெற்று உட்காருவது வேறு. பெயரைச் சேர்ப்பது கட்சித் தலைவர் என்றால், பையன் யாருக்காகப் பேசுவான்?

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். நாற்காலி மட்டும் பிரதிநிதித்துவம் ஆகாது. பேச்சு மட்டும் போதாது. கேட்டவனுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லும் கடமை எதிர்ப்பக்கம் இருந்தால்தான் அது அவை. இல்லாவிட்டால் நம் மாணவர் நாடாளுமன்றப் போட்டிகளைப் போல நல்ல பேச்சுப் பயிற்சியாக நின்றுவிடும்.

வியாபாரி என்கிற முறையில் ஒரு யோசனை சொல்கிறேன். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம் சங்கமே 16 முதல் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொண்டு ஓர் அவையைத் தொடங்கலாம். பெண் பிள்ளைகள் பாதிக்குக் குறையக்கூடாது. ஞாயிறன்றுதான் கூடவேண்டும், மற்ற நாளில் அவர்கள் ரயிலில் இருப்பார்கள். பேச்சு தமிழில் நடக்கட்டும், மனு கன்னடத்தில் போகட்டும். ஒரு பேரேடு போட்டு, இடப்பக்கம் கொடுத்த மனுவும் தேதியும், வலப்பக்கம் வந்த பதிலும் எழுதவேண்டும். மாதா மாதம் அதை வார்டு உறுப்பினரை அழைத்துவைத்து உரக்கப் படிக்கவேண்டும். நம் சங்கப் பெரியவர்கள் கேட்க வேண்டுமே தவிர, குறுக்கே பேசக்கூடாது. இது எனக்கும் சேர்த்துத்தான்.

வராக்கடனைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது கடை வழக்கம். பதில் வராத மனுவை அப்படித் தள்ளக்கூடாது. அந்த நால்வரில் இரண்டு பேர் இப்போது பெங்களூரிலேயே குடியேறிவிட்டார்கள். மற்ற இருவரும் தினமும் ரயிலில் வந்துபோகிறார்கள். முதல் பேரேட்டை நானே வாங்கித் தருகிறேன். முதல் பக்கத்தில் அந்த விளக்கு மனுவை அவர்கள் எழுதட்டும்.