பார வண்டிகளும் பிரேக் சட்டமும்

வண்டியை ஓடச் செய்வதில் காட்டும் சாமர்த்தியத்தை நிறுத்துவதிலும் காட்டுகிறவனே நல்ல வண்டி செய்பவன். பெரும் பாரத்துடன் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் வரும் டிரெயிலர் தக்க சமயத்தில் நில்லாவிடில், மாள்பவர் அதைச் செய்து விற்ற முதலாளியல்லர். ஓட்டியவனும், எதிரே வந்த ஏதுமறியாப் பிரஜையுமே. ஆகவே, பிரேக் எவ்வாறிருக்க வேண்டும் என்பதை முதலாளியின் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாமா, சர்க்கார் விதிக்க வேண்டுமா, விதித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பவை யந்திர சாஸ்திரிகளுக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. பொது நன்மையை நாடும் எல்லோருக்கும் உரியவை. இவற்றோடு நெடுங்காலம் போராடிய தேசம் அமெரிக்கா. அதன் அனுபவம் நாம் அறியத்தக்கது.

1966-ஆம் வருஷம் அங்கே மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி சர்க்கார் தரத்தை மட்டும் விதிக்கும். ஒவ்வொரு மாதிரியையும் முன்கூட்டிச் சோதித்து அனுமதி வழங்காது. வண்டி தரத்துக்கு இசைந்தது என்று தயாரித்தவரே தகடு பொருத்தி அத்தாட்சி கூற வேண்டும். மேலெழப் பார்த்தால் இது சலுகை போல் தோன்றும், உண்மையில் பெருஞ்சுமை. பின்னர் குறை வெளிப்பட்டால், “சர்க்கார் அனுமதித்த வண்டி” என்று சொல்லித் தப்ப இடமில்லை. வண்டிகளைத் திரும்ப அழைத்துத் தம் செலவிலேயே குறையை நீக்க வேண்டும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளுக்கென ஏற்பட்டது 121-வது தர விதி. டிரெயிலரில் காற்றைச் சேமிக்கும் தொட்டிகளின் கொள்ளளவு, பிரேக் அறைகள் அனைத்தின் கொள்ளளவைப்போல் குறைந்தது எட்டு மடங்கு இருக்க வேண்டும் என்கிறது அது. ஓட்டுபவன் பிரேக்கை மிதித்தால், ஒரு விநாடிக்குள்ளாகவே அழுத்தம் பின் சக்கரங்களை எட்ட வேண்டும் என்கிறது. தாமதித்தால் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும். இரண்டும் இணைப்பில் மடிந்து பாதை முழுவதையும் அடைத்துக் கொள்ளும். இவ்விதியின் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் மனித உயிர் நிற்கிறது.

இவ்விதி 1975-ல் அமுலுக்கு வந்தது. சக்கரங்கள் இறுகிப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அதை நிறைவேற்ற மின் கருவி ஒன்று தேவைப்பட்டது. அக்கருவியோ அப்போது பக்குவப்படவில்லை, சாலையில் பழுதடைந்தது. பாக்கார் என்னும் லாரித் தயாரிப்புக் கம்பெனியும் லாரி முதலாளிகள் சங்கமும் வழக்காடின. 1978-ல் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட் அந்நிபந்தனையை நிறுத்தி வைத்தது. கருவி நம்பத்தக்கது என்பதற்குப் போதிய சான்றில்லாமல் அதைக் கட்டாயமாக்கலாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதை முதலாளிகளின் வெற்றி என்று சிலர் கொண்டாடியிருக்கலாம். நம் அபிப்பிராயம் அதுவன்று. கோர்ட் நோக்கத்தைக் குறை கூறவில்லை, அவசரத்தையே கண்டித்தது. ஆனால் அவசரத்துக்குப் பிராயச்சித்தமாக நேர்ந்த தாமதமும் சிறிதன்று. 1991-ல் அமெரிக்கக் காங்கிரஸ் மீண்டும் தூண்டிய பிறகே 1995-ல் புது விதி வந்தது. 1998 மார்ச் முதல் செய்யப்படும் டிரெயிலர்களுக்கு அக்கருவி கட்டாயமாயிற்று. இடையே கழிந்தன இருபது ஆண்டுகள். சோதித்துப் பாராத விதி, தன் எதிரிகளுக்கே ஆயுதம் தருகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விதிவிலக்குகளும் உண்டு. ஓர் அச்சின் தாங்கு திறன் 29,000 ராத்தலோ அதற்கு மேலோ இருந்தால் அவ்வண்டி இவ்விதிக்கு உட்படாது. மொத்த எடை 1,20,000 ராத்தலுக்கு மேற்பட்ட, தாழ்ந்த மேடையுடைய பெரும்பார டிரெயிலர்களுக்கும் விலக்குண்டு. மிக அரிதாக ஓடும் இவற்றுக்குப் பொது அளவுகள் பொருந்தா என்பது காரணம். ஆனால் விலக்குப் பெற்ற வண்டி பிரேக்கின்றி ஓடலாம் என்று எவரும் மயங்க வேண்டாம். சாலையில் ஓட்டுவோரைக் கட்டுப்படுத்தும் விதிகள் தனியே இருக்கின்றன; பாதுகாப்புக்குக் கேடான குறை இருந்தால் தயாரித்தவர் அப்பொழுதும் பொறுப்பாளியே.

நம் தேசம் வேறு வழியைத் தேர்ந்திருக்கிறது. டிரெயிலரும் மாதிரி அனுமதிச் சான்று பெற்றே விற்கப்பட வேண்டும் என்று 2019-ல் பார்லிமெண்டு இயற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. விதி மீறும் தயாரிப்பாளருக்கு நூறு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கட்டளையிடவும் அதில் இடமுண்டு. முன்சோதனை நல்லதே, ஆனால் சர்க்கார் முத்திரை முதலாளிக்குக் கவசமாகிவிடக் கூடாது. சோதித்து அனுமதித்த அதிகாரியும், செய்து விற்றவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி நிற்பார்களானால், இறந்தவனுடைய மனைவி மக்கள் எவரிடம் நியாயம் கேட்பது?

விதி செய்யுமுன் சோதிக்க, செய்தபின் தளராதிருக்க, பொறுப்பைச் செய்தவர் தலையிலேயே வைக்க. பொது நன்மைக்கு உழைப்போர் சட்டசபையிலும் மேடையிலும் வற்புறுத்த வேண்டியவை இம்மூன்றுமே.