எடுத்தல் என்னும் வினை

மழைக்குப் பெயர்போன எமது வட்டவளையிலே, விடியற்காலையிற் கூடையுடன் மலையேறும் தாயொருவரை நிறுத்தி, எங்கே செல்கிறீர்கள் என்று வினவினால், "கொழுந்தெடுக்க" என்பதே விடையாக வரும். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற சிறுவன் ஒருவன் தன் கட்டுரையில், 'அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார்' என்று எழுதியிருந்தான். யாம் சிவப்பு மையினால் அதனை வெட்டிப் 'பறிக்கிறார்' என்று திருத்தினோம். அவன் எழுந்து, "எங்கள் வீட்டில் எடுக்கிறது என்றுதானே சேர் சொல்லுவோம்" என்றான். அது பேச்சு வழக்கு என்று கூறி அவனை இருத்திவிட்டோமாயினும், அவ்விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அன்றிரவு அகராதியைப் புரட்டலானோம்.

எடுத்தல் என்பதன் முதற்பொருள் உயர்த்துதல், தூக்குதல் என்பதாம். தூக்கி அறியப்படுவதனாலேயே நிறைக்கு 'எடை' என்று பெயர் வந்தது. பாம்பு படம் எடுப்பதும், அடியார் காவடி எடுப்பதும், பாடகர் குரலெடுத்துப் பாடுவதும் இப்பொருளின் கிளைகளே. கட்டடத்தை எழுப்புதலும் எடுத்தல்தான். 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலைத் தான் எடுப்பித்த கற்றளி என்றே இராசராசன் கல்வெட்டிற் பொறித்துள்ளான். பசியெடுத்தல், வியர்வையெடுத்தல் என்பனவற்றிலோ எடுப்பவர் எவருமிலர். பசி தானே மேலெழுகின்றது. கைக்கொள்ளுதல் என்ற பொருள் இவற்றை அடுத்து வைத்து எண்ணத்தக்கது. கடையிற் புடவை எடுக்கிறோம்; மாமன் வீட்டிற் பெண் எடுக்கிறோம்.

இனிக் கொழுந்துக்கு வருவோம். இரண்டிலையும் ஒரு மொட்டுமாக விரலாற் கிள்ளிக் கை நிறைந்ததும், தோளுக்கு மேலே தூக்கி முதுகுக் கூடையில் இடுகிறார்கள். கிள்ளுதல், தூக்குதல், கொள்ளுதல் ஆகிய மூன்றையும் 'எடுத்தல்' என்ற ஒரு சொல் தாங்கி நிற்கின்றது. பறித்தலில் ஒரு வன்மை உண்டு, கள்வன் பறிப்பான். அதற்காகப் பூப்பறித்தல் பிழையென்பார் எவருமிலர். எமது திருத்தமே வேண்டாததாயிற்று என்பதே யாம் கூற வந்தது.

ஆங்கிலத்தில் 'டேக்' என்னும் வினை இதற்கு ஏறத்தாழ ஒப்பாகும். அதுவும் அம்மொழிக்குப் பிறந்தகத்துச் சொல் அன்று. ஸ்கந்திநாவியரொடு வந்து, 'நிமன்' என்ற பழைய ஆங்கில வினையைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்தது. அதன் பின்னே ஒரு சிறு சொல்லை ஒட்டினாற் பொருள் முற்றும் மாறிவிடும். 'டேக் ஆஃப்' என்றால் விமானம் கிளம்புதலுமாம், சட்டையைக் கழற்றுதலுமாம். 'டேக் இன்' என்றால் உள்ளே ஏற்றலுமாம், ஏமாற்றுதலுமாம். 'டேக் ஆஃப்டர்' என்பதை மாணாக்கன் ஒருவன் 'தகப்பனுக்குப் பின்னால் எடுக்கிறான்' என்று பெயர்த்தான்! தகப்பனை உரித்து வைத்தாற்போல் இருக்கிறான் என்று அவன் பாட்டி அவனைப் பற்றியே நாள்தோறும் சொல்லியிருப்பாள்; வகுப்பறையில் அது நினைவுக்கு வரவில்லை.

தமிழ் வேறு வழி செல்வது. இங்கே 'எடுத்து' என்ற எச்சம் முன்னிற்க, மற்றொரு வினை பின்வந்து பொருளை முடிக்கும். எடுத்துரைத்தல், எடுத்தாளுதல், எடுத்தெறிந்து பேசுதல் என்பன அவ்வாறு அமைந்தவை. எடுபிடி, எடுப்பார் கைப்பிள்ளை என்பவற்றை எம்மொழியிற் பெயர்க்க முயன்றாலும் தோல்வியே மிஞ்சும். தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே பலபொருள் ஒருசொல்லை இருவகையாக்கி, அடுத்துவரும் வினையால் வேறுபடுவனவற்றைத் தனியே பிரித்தார். 'மா காய்த்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. எடுத்தலுக்கோ வினை தானே பலபொருட்டாதலின், அதனோடு சேரும் பெயரை நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். நடவடிக்கை எடுத்தல், முடிவெடுத்தல் என்பன ஆங்கிலத்தின் நிழலில் வளர்ந்தவை என்பது எம் கருத்து. ஆயினும் அவை வேரூன்றிவிட்டன, இனிப் பிடுங்குவாரில்லை.

மலையகத்தில் இவ்வினைக்கு வேறொரு பெயரும் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் எம் மக்களுட் பெரும்பாலார்க்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோயின. பறித்தல் என்ற சொல் அங்கே மிகப் பொருந்தும். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அக்காலத்தில் லயங்களில், "பிரஜாவுரிமை எடுத்தாச்சா?" என்பதே கேள்வியாயிருந்ததென முதியோர் கூறுவர். 2003ஆம் ஆண்டின் சட்டமோ தன் பெயரிலேயே பிரஜாவுரிமை 'வழங்கும்' சட்டம் எனப்படுகின்றது. வழங்குதல் என்றால் எழுவாய் அரசு. எடுத்தல் என்றால் எழுவாய் மனுவெழுதிக் கந்தோர் வாயிலிற் காத்துநின்றவர்.

மறுவாரம் அச்சிறுவனின் கொப்பியை வாங்கி, எமது திருத்தத்தை யாமே வெட்டி, அவன் எழுதியதன் கீழ்ச் சரியென அடையாளமிட்டோம். அதற்குள் அவன் அடுத்த கட்டுரையை எழுதி முடித்திருந்தான். அதில் மூன்றிடத்திற் 'பறிக்கிறார்' என்றிருந்தது.