கையெழுத்துப் போடுகிறவர்கள்: குர்திஸ்தான் எண்ணெயும் காவிரிப் படுகையும்

மாநில சுயாட்சி குறித்த நமது பேச்சுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: எங்கள் மண்ணின் வளம் எங்களுக்கே. காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயு பற்றிச் சென்னையில் எந்த அரங்கில் பேசினாலும், மயிலாப்பூரோ தி. நகரோ அடையாறோ, கைதட்டல் விழுகிற இடம் அதுதான். தில்லியிடம் உள்ள அதிகாரம் சென்னைக்கு வந்துவிட்டால் நெடுவாசலும் கதிராமங்கலமும் பிழைத்துக்கொள்ளும் என்பது அதன் உள்ளுறை. இந்த உள்ளுறையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஏனென்றால் அப்படியோர் அதிகாரத்தை ஒரு தேசிய இனம் கிட்டத்தட்டத் தன் கையில் எடுத்துக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. ஈராக்கின் வடக்கே உள்ள குர்திஸ்தான்.

குர்துகளுக்கு எண்ணெய் வெறும் வருமானம் அல்ல. 1927இல் கிர்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்ட நாளிலிருந்து அந்த நகரம் யாருடையது என்பதே அவர்களது அரசியலாகிவிட்டது. குர்துகளை வெளியேற்றி அரபுக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். 1988இல் அன்ஃபால் படுகொலைகள், ஹலப்ஜாவில் நச்சுவாயு. தங்கள் காலடியில் எடுத்த எண்ணெயின் பணத்தில்தான் தங்களைக் கொன்ற ஆயுதங்கள் வாங்கப்பட்டன என்று ஒரு சமூகம் நினைவு வைத்திருக்கும்போது, 'எண்ணெய் எங்களுடையது' என்பதற்கு வேறோர் எடை வந்துவிடுகிறது. அந்த எடையைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமில்லை.

2005இல் வந்த ஈராக் அரசியல் சட்டம், எண்ணெய் எல்லா ஈராக்கியர்களுக்கும் உரியது என்று 111ஆம் பிரிவில் சொல்லிவிட்டு, 'இப்போதுள்ள' வயல்களை மைய அரசு பிராந்திய அரசுகளோடு சேர்ந்து நிர்வகிக்கும் என்று 112ஆம் பிரிவில் சொன்னது. அப்படின்னா இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற வயல்கள்? சட்டம் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் காலூன்றிக் குர்து அரசு 2007இல் தனக்கென ஓர் எண்ணெய்ச் சட்டம் இயற்றி, வெளிநாட்டு நிறுவனங்களோடு உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்கள் போட்டது. நார்வேயின் டி.என்.ஓ., லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஜெனல், கல்ஃப் கீஸ்டோன், பிறகு 2011இல் எக்ஸான்மோபில். நம்ம ரிலையன்ஸும் ரோவி, சார்தா என்ற இரண்டு தொகுதிகளில் 80 சதவீதம் வைத்திருந்து 2012இல் ஷெவ்ரானுக்குக் கைமாற்றிவிட்டது. பாக்தாத் இந்த ஒப்பந்தங்கள் எதையும் சட்டபூர்வமானது என்று ஒப்புக்கொள்ளவில்லை.

2014இல் குர்து அரசு துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குத் தன் சொந்தக் குழாய் வழியே எண்ணெய் அனுப்பி விற்க முனைந்தது. பாக்தாத் பட்ஜெட் பங்கை நிறுத்தியது. அதே ஆண்டில் ஐ.எஸ். போரும் வந்தது, எண்ணெய் விலையும் சரிந்தது. சம்பளம் போட வழியில்லாத அரசு, இன்னும் பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயின் மேல் முன்பணம் வாங்கத் தொடங்கியது. 2017இல் ஏற்றுமதிக் குழாயில் 60 சதவீதப் பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் போக ஒப்பந்தமானது. அதே 2017 செப்டம்பரில்தான் சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த மாதமே கிர்குக்கை பாக்தாத்தின் படைகள் எடுத்துக்கொண்டன. விடுதலை கேட்கிற ஒரு தேசம் விடுதலைக்கு முன்னாலேயே தன் குழாயை அடகு வைத்திருந்தது என்பது நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

2022 பிப்ரவரியில் ஈராக்கின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2007 சட்டம் செல்லாது என்றது. 2023 மார்ச்சில், ஈராக்குக்கும் துருக்கிக்கும் இடையிலான 1973ஆம் ஆண்டுக் குழாய் உடன்படிக்கை மீறப்பட்டது என்று பாரிஸில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்து, துருக்கி சுமார் 150 கோடி டாலர் தர வேண்டும் என்றது. துருக்கி குழாயை மூடியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கரை லட்சம் பீப்பாய் நின்றுபோனது. இந்த வழக்கில் வாதி ஈராக், பிரதிவாதி துருக்கி. குர்துகள் ஒரு தரப்பே அல்ல. சர்வதேசச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் நாடு இல்லையே!

குழாய் இரண்டரை ஆண்டு மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில் முதலீட்டாளர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். மூலதனத்துக்குச் சச்சரவு ஆகாது, அமைதியான இடம் தேடிப் போய்விடும் என்று பொருளாதாரப் பக்கங்களில் எழுதுவார்கள். பாதிதான் உண்மை. குர்து அரசு அவ்வளவு தாராளமான ஒப்பந்தம் கொடுத்ததற்கே காரணம் அந்தச் சச்சரவுதான். நிம்மதியான இடத்தில் அந்தப் பங்கு கிடைக்காது. ஆபத்து முதலிலேயே விலையில் ஏறிவிட்டது. நிறுவனங்கள் லாரிகளில் உள்ளூர் வியாபாரிகளுக்குக் குறைந்த விலையில் விற்றபடி காத்திருந்தன. ஏற்கெனவே கொடுத்த எண்ணெய்க்குப் பாக்கி சுமார் 100 கோடி டாலர் என்று கணக்கு வைத்திருந்தன. அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஒப்பந்தத்தின் புனிதம். மதத்தின் சொல்லை மூலதனம் எங்கே கடன் வாங்குகிறது பாருங்கள்.

2025 ஜூலையில் வயல்களின் மேல் ட்ரோன் தாக்குதல். அதே மாதம், 1973 உடன்படிக்கை 2026 ஜூலையோடு முடிகிறது என்று துருக்கி அறிவித்தது. இத்தனைக்கும் நடுவே 2025 செப்டம்பர் கடைசியில் பாக்தாத், எர்பில், நிறுவனங்கள் என மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டு எண்ணெய் மறுபடி ஓடியது. விற்பது பாக்தாத்தின் சோமோ. குர்து அரசுக்கு பட்ஜெட்டிலிருந்து சம்பளப் பணம். நிறுவனங்களுக்குப் பீப்பாய்க்கு 16 டாலர் கணக்கில் செலவுத்தொகை. டி.என்.ஓ.வும் ஜெனலும் பழைய பாக்கிக்கு உத்தரவாதம் போதாது என்று அப்போது கையெழுத்திடாமல் விலகி நின்றன. மூன்று தரப்பிலும் தன் உரிமையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது யார் என்பது தெரிகிறதில்லையா?

நாலாவது தரப்பு ஒன்று உண்டு. எர்பில் பக்கத்து ஹாஜி அஹ்மத் என்ற சின்ன கிராமத்தில் எக்ஸான்மோபில் துளையிட வந்தபோது, நிலத்தையும் தோட்டத்தையும் இழந்த விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் நிலத்துக்குள் நிறுவனத்தை அனுப்பியது பாக்தாத் அல்ல, அவர்களே வாக்களித்த குர்து அரசு. சுயநிர்ணய உரிமை பற்றிய எந்தச் சொல்லாடலிலும் இந்தக் கிராமத்துக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்திலிருந்து நம் ஊருக்கு வரலாம்.

இங்கே சட்டத்தில் குர்திஸ்தானின் மௌனம் கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 53ஆம் இனம்: எண்ணெய் வயல்கள் தில்லிக்கு. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டம் அதற்கும் முந்தியது. குஜராத் அரசு 2001இல் எரிவாயுவுக்குத் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004 மார்ச்சில் சொல்லிவிட்டது. பாக்தாத் நீதிமன்றம் 2022இல் செய்ததை நம் நீதிமன்றம் பதினெட்டு வருஷம் முந்தியே செய்துவிட்டது எனலாம்.

நாம் வசதியாக மறந்துவிடுகிற ஒன்று இதற்குள் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி, நிலப்பகுதியில் குத்தகைப் பத்திரம் கொடுத்துவந்தது மாநில அரசு. தில்லியின் முன் அனுமதியோடு, ஆனால் மாநில அரசின் கையெழுத்தில். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு உரிமத்தொகையும் மாநிலத்துக்குத்தான். புதிய ஒப்பந்தங்களில் கச்சா எண்ணெய்க்கு 12.5 சதவீதம், எரிவாயுவுக்கு 10. கடலில் எடுத்தால் தில்லிக்கு. ஆக சென்னை வெறும் பார்வையாளர் அல்ல. கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர்.

மீத்தேன் கதையை எடுத்துக்கொள்வோம். மன்னார்குடித் தொகுதி, 691 சதுர கிலோமீட்டர். கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மத்திய அரசு 2010 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்துப் பேசினார். அந்தப் பிரச்சாரப் பயணத்திலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் இறந்தார். 2013 ஜூலையில் இடைக்காலமாக நிறுத்திவைத்த மாநில அரசு 2015 அக்டோபரில் திட்டத்தை நிராகரித்தது. 2011இல் போட்டதும் 2015இல் நிராகரித்ததும் ஒரே கோட்டைதான், கட்சி மட்டும் வேறு. இந்த வித்தியாசத்தை விளக்கக் கட்சி மாற்றம் போதாது. நடுவில் தஞ்சை, திருவாரூர் கிராமங்கள் செய்ததுதான் விளக்கம்.

நெடுவாசல் இன்னும் தெளிவான உதாரணம். கண்டறியப்பட்ட சிறு வயல்கள் என்ற பெயரில் நாடு முழுக்க 31 ஒப்பந்தங்களுக்கு மத்திய அமைச்சரவை 2017 பிப்ரவரி 15 அன்று ஒப்புதல் தந்தது. நெடுவாசல் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு. மறுநாளே ஊர் தெருவுக்கு வந்தது. மார்ச்சில் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், ஓ.என்.ஜி.சி. பெயரில் இருந்த குத்தகையை மாநில அரசு மாற்றித் தரவில்லை. நிறுவனம் கடைசியில் வேறு இடம் கேட்டது. கையெழுத்து போட மறுப்பதும் ஓர் அதிகாரம்தான் என்று அரசு கற்றுக்கொண்டது அந்த ஊர்க்காரர்களிடமிருந்து.

அதே 2017இல் இன்னொரு பக்கம் என்ன நடந்தது? ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்தது. மாவட்ட ஆட்சியர் வர வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் மேல் தடியடி. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் வாரக்கணக்கில் சிறையில். ஜூலையில், நெடுவாசலுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மேல் குண்டர் சட்டம். உயர் நீதிமன்றம் செப்டம்பரில் அதை ரத்து செய்தது. காவல் துறை யாருடையது? பொது ஒழுங்கு மாநிலப் பட்டியல். தில்லியிடமிருந்து ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை.

இதன் பக்கத்தில் 2025இல் நாடாளுமன்றம் 1948 சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தை வைத்துப் பாருங்கள். முன்பு விதிமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை இருந்தது. அது போய், 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் ஆகிவிட்டது. குத்தகைக் காலத்தில் நிபந்தனைகள் நிலையாக இருக்கும் என்ற உறுதி, தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகும் வழி, எல்லாம் சேர்ந்திருக்கிறது. முதலீட்டாளர்களின் நம்பிக்கைக்காக என்று அரசே சொன்னது. நம்பிக்கை என்பது இங்கே மனநிலை இல்லை. பிரிவு எண்ணோடு எழுதப்பட்ட உரிமை. விதியை மீறுகிற கம்பெனிக்கு அபராதம், துண்டறிக்கை கொடுக்கிற பெண்ணுக்குத் தடுப்புக்காவல். விவசாயியின் மறுப்புக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைக்கிற ஒரே பெயர் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

(நிலத்தடி யாருடையது என்ற கேள்விகூட நாம் நினைப்பதுபோல முடிந்துபோனது அல்ல. நிலத்தின் கீழுள்ள கனிமம் எல்லாம் அரசுடையது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, பொதுவாக அது நிலத்தின் உடைமையைத் தொடரும் என்று, மலபார் நிலங்கள் குறித்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. எண்ணெய்க்குத் தனிச் சட்டக் கட்டு இருப்பதால் அந்தத் தீர்ப்பு டெல்டா விவசாயிக்கு உடனே உதவாது. குழாய் விஷயத்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சாமர்த்தியமானது: நிலம் உன்னுது, உபயோகிக்கும் உரிமை எங்களுது, அதன்மேல் வீடு கட்டாதே, மரம் வைக்காதே. கொங்குப் பகுதியின் ஏழு மாவட்ட விவசாயிகள் கெயில் குழாய்க்கு எதிராக 2016இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்திடம்தான் தோற்றார்கள்.)

2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஒரு வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எடுப்பதற்குத் தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைத் தொடவில்லை. நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் அப்படியே இருந்தன. கடலுக்குப் பொருந்தாது. 53ஆம் இனத்தின் முன்னால் இந்தச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்று முழுமையாக யாரும் மோதிப் பார்க்கவில்லை. குஜராத் தீர்ப்பு தலைக்கு மேலே தொங்குகிறது. இந்தச் சட்டத்தை 'மாநில உரிமை' என்று மட்டும் வாசித்தால் நாம் பாதியைத்தான் வாசிக்கிறோம். குர்து அரசு பாக்தாத்தோடு சண்டை போட்டது எடுப்பதற்கு, விற்பதற்கு. இந்தச் சட்டம் சொல்வது எடுக்காதே என்று. இரண்டும் தலைநகரை எதிர்க்கின்றன என்பதால் ஒன்றாகிவிடாது. முதலாவதில் கேள்வி பங்கு. இரண்டாவதில் கேள்வி பயிர்.

இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரம் இருக்கிறது. அது வேளாண் மண்டலத்துக்கு வெளியே. அங்கே ஓ.என்.ஜி.சி. 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டுவதற்கு 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கொடுத்தது மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அது மத்திய அரசு அமைக்கிற ஆணையம். உறுப்பினர்களின் பெயர்களை அனுப்புவது மாநிலம். அலுவலகம் சைதாப்பேட்டையில், தி. நகருக்கும் அடையாறுக்கும் நடுவே. ஆகஸ்ட் மாதம் செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம், ஹைட்ரோகார்பன் திட்டம் எங்கும் வராது என்று மாநில அமைச்சர் அறிவித்தார். அந்த மாவட்டத்து விவசாயிகளையும் மீனவர்களையும் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய் ஆய்வுப் பணிகளை 'பி 2' வகைக்கு மாற்றியிருந்தது. அந்த வகைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை.